இருபத்திரண்டு புள்ளி நான்கா, ஏழா?

1. திங்கட்கிழமை காலை அந்தப் பழுப்பு வளையத்தின் வெளிவிட்டத்தை அளந்தேன். இருபத்திரண்டு புள்ளி நான்கு மில்லிமீட்டர்.

2. செவ்வாய் முழுக்க மழை. மாடியில் கிடந்த துணியை அள்ளி வந்து ஹாலில் கொடி கட்டிப் போட்டோம். அன்று எதையும் அளக்கவில்லை.

3. புதன் காலை அதே வளையம், அதே வெர்னியர் அளவுகோல், அதே மேஜை. இருபத்திரண்டு புள்ளி ஏழு.

4. வெர்னியரின் தாடைகளை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். புள்ளி ஏழு.

5. மாலை பம்மலுக்குப் போய், லேத் பட்டறை வைத்திருக்கும் ஏகாம்பரம் அண்ணனின் வெர்னியரை வாங்கி அளந்தேன். புள்ளி ஏழு. “உன் வெர்னியர்ல ஒண்ணும் இல்லமா, சாப்ட்டியா நீ?” என்று கேட்டார்.

6. சனிக்கிழமை நல்ல வெயில். புள்ளி ஐந்து.

7. நோட்டில் எழுதினேன்: “என் கை சரியில்லை.”

8. அன்று மாலையே, நடுவில் இருக்கிறதே என்று புள்ளி ஐந்தை எடுத்துக்கொண்டு வரைபடத்தை முடித்தேன். கீழ் மூலையில் “அசலிலிருந்து அளந்தது” என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மூன்று வருடத்துக்கு முந்தைய நோட்டு இது. இன்று எடுத்துப் பார்க்கும்போதும் எட்டாவது வரியில் கண் நிற்கிறது. மூன்று அளவு வந்த ஒரு பொருளுக்கு ஒரே அளவைத் தைரியமாக எழுதியவள் நான்தான். உற்பத்திப் பொறியியலில் பட்டம் வாங்கியவள்.

இரண்டு வாரம் முன்பு இந்தப் பத்தியில் கல்லூரிப் பணிமனை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “நீங்கள் எதிலும் குழம்பவே மாட்டீர்களா?” என்று கேட்டிருந்தார். அவருக்காகத்தான் இந்த வாரம்.

அது என்ன வளையம்

பழைய வீடியோ கேம் எந்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆள் உயர மரப்பெட்டி, நெஞ்சு உயரத்தில் ஒரு பலகை, பலகையில் இரண்டு கைப்பிடிகள், சில பொத்தான்கள். நான் சொல்லும் கைப்பிடி சாதாரணமானது இல்லை. எட்டுத் திசையிலும் சாய்க்கலாம்; கூடவே அதன் தலையைத் திருகவும் செய்யலாம். சாய்த்தால் திரையில் இருக்கும் சிப்பாய் நடப்பான். திருகினால் அவன் துப்பாக்கி திரும்பும். ஒரு முழுச் சுற்றுக்குப் பன்னிரண்டு ‘கடக்’.

ஆகவே ஓடுவது ஒரு பக்கம், சுடுவது இன்னொரு பக்கம் என்று விளையாடலாம். அந்தத் திருகலின் கனம்தான் விளையாட்டே. கொஞ்சம் தளர்ந்தால் துப்பாக்கி தாண்டிப்போகும். கொஞ்சம் இறுகினால் சிப்பாய் செத்துப்போவான்.

கைப்பிடியின் தண்டு உள்ளே ஒரு வளையத்தின் மேல் உட்கார்ந்து சுழலும். பழுப்பு நிறம், கல்போல் கடினம், விளிம்பில் வெளிச்சம் பட்டால் தேன் மாதிரி லேசாகத் தெரியும். மோட்டார்களில் பழுப்பாக ஒரு ஃபைபர் வாஷர் வருமே, அதன் வகை என்று நினைத்தேன். எழுதியும் வைத்தேன்.

வாசல்படி வரைக்கும்

அந்தக் கைப்பிடி யூசுப் மச்சானுடையது. மும்தாஜ் அக்காவின் கணவர். எனக்கும் அக்காவுக்கும் பதினோரு வயது வித்தியாசம். ஆகவே அவர்கள் கல்யாணத்தில் நான் பாவாடை கட்டிக்கொண்டு ரோஸ் மில்க் குடித்துக்கொண்டிருந்த ஆள்.

மச்சான் மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஆறு வருடம் வீடியோ கேம் கடை நடத்தினார். மூன்று எந்திரங்கள். பம்பாயிலிருந்து லாரியில் வந்தவை. மத்தியானத்தில் அக்கா கொடுத்துவிடும் டிபன் கேரியரைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

ஆனால் வாசல்படியைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. யாரும் ‘வராதே’ என்று சொல்லவில்லை. பெண்கள் உள்ளே போவதில்லை, அவ்வளவுதான். உள்ளே பச்சையும் நீலமுமாக வெளிச்சம் துடிக்கும். கடக் கடக் என்று சத்தம். சிகரெட்டோடு கலந்து தேங்காய் எண்ணெய் வாசம் வரும். பையன்கள் தலைக்கு நிறைய எண்ணெய் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நான் நகல் செய்யப் புறப்பட்ட பொருளை அதன் நல்ல காலத்தில் நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அது கையில் எப்படி இருந்தது என்று சொல்ல என்னிடம் ஒரு நினைவும் இல்லை. வெர்னியர் மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வந்ததும் கடை படுத்துவிட்டது. இரண்டு எந்திரங்கள் போய்விட்டன. மூன்றாவது, இந்தத் திருகும் கைப்பிடி எந்திரம், கூடுவாஞ்சேரியில் மச்சானின் சிமென்ட் கிடங்கில் தார்ப்பாய் போர்த்தி நின்றது.

பன்னிரண்டு

அப்போது இரும்புலியூர் வீட்டில் பிராட்பேண்ட் வந்த புதிது. வரைபடம் போடும் ஒரு சிறிய அலுவலகத்தில் இருந்தேன், அதை மூடிவிட்டார்கள். வேலை தேடும் நேரம் போக மீதி நேரத்தில் பழைய எந்திரங்களைச் சேகரிப்பவர்களின் இணையக் குழு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அங்கே டென்மார்க்கிலிருந்து யென்ஸ் என்பவர் எழுதியிருந்தார். இந்தக் கைப்பிடி எங்குமே கிடைக்கவில்லை, என் எந்திரத்தில் இரண்டும் இல்லை, யாரிடமாவது உண்டா என்று.

மச்சானிடமிருந்து ஒன்றைக் கழற்றி வாங்கிப் படம் எடுத்துப் போட்டேன். கீழே எழுதினேன்: “விற்பனைக்கு இல்லை. ஆனால் இதேபோல் செய்து தர முடியும்.”

ஒரு வாரத்தில் யென்ஸையும் சேர்த்துக் குழுவில் ஆறு பேர் வாங்க முன்வந்தார்கள். ஆளுக்கு இரண்டு, ஆகப் பன்னிரண்டு. யென்ஸுக்கு வசந்த காலத்தில் ஒரு கண்காட்சி. அதில் தன் எந்திரத்தை வைக்கப்போகிறார். ஒவ்வொரு கைப்பிடியின் அடியிலும் ஒரு சிறு பித்தளைத் தகடு வைக்கச் சொன்னார். அதில் ஊர்ப் பெயர், என் பெயர், பிறகு அந்த வரி: அசலிலிருந்து அளந்தது. அந்த வரிக்காகத்தான் ஆறு பேரும் வந்தார்கள். அவர் அப்படியேதான் எழுதினார்.

அதே மாதம் பூனாவிலிருந்து ஒரு வேலைக்கடிதமும் வந்தது. கார் உதிரிபாகம் செய்யும் இடம். நல்ல வேலை. எனக்குப் போக மனமில்லை. அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கத்தவில்லை, கெஞ்சவுமில்லை. தபாலைப் படிப்பதுபோல் சொன்னார்: “இந்தப் பன்னெண்டும் அந்த ஊருக்குப் போய் சேர்ந்துச்சுன்னா இங்கயே உன் தொழிலப் பாரு. சேரலன்னா பூனா. சரியா?”

“சரித்தா” என்றேன்.

ஒருவருக்குத் தளர்வு, ஒருவருக்கு இறுக்கம்

முதலில் இரண்டு மாதிரிகள் செய்தோம். தண்டும் தகடும் ஏகாம்பரம் அண்ணன் கடைந்தார். வளையத்துக்குப் பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக். என் வரைபடத்தில் இருப்பது இருந்தபடியே வந்தது, நூலளவு பிசகில்லை. ஒன்று டென்மார்க் போனது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு கூடுவாஞ்சேரி போனேன்.

மச்சான் தார்ப்பாயை விலக்கி, அதைப் பலகையில் மாட்டி, கால் அகட்டி நின்றார். திரை எரியவில்லை, அது வேறு கதை. கைப்பிடியை மட்டும் சாய்த்தார், திருகினார். நாலு தடவை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை.

“இது இல்ல.”

“எது இல்ல மச்சான்?”

“நம்மளுது இல்ல. டைட்டா கீது.”

“அளவெல்லாம் சரியா இருக்கு. நீங்களே அளந்து பாருங்க.”

“அளவு சரியாத்தான் இருக்கும், நீ படிச்ச பொண்ணு. கை இல்லன்னுதே, அதுக்கு நான் இன்னா பண்றது?”

நான்காம் நாள் யென்ஸின் மின்னஞ்சல் வந்தது. அழகான வேலை என்று ஆரம்பித்திருந்தார். பன்னிரண்டு வயதில் ஒரு கப்பலின் விளையாட்டு அறையில் அதை விளையாடியிருக்கிறாராம். கடைசி வரியில், உணர்வு மட்டும் சரியில்லை, கொஞ்சம் தளர்வாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

நோட்டில் இரண்டு வரி எழுதினேன். மச்சான்: இறுக்கம். யென்ஸ்: தளர்வு. இரண்டும் ஒரே அளவில் ஒரே பேக்கலைட் தட்டிலிருந்து வெட்டியவை. அடியில் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே எழுத ஒன்றும் இல்லை.

இதற்குள் பித்தளைத் தகடுகள் பன்னிரண்டும் தயாராகி, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பளபளவென்று கிடந்தன.

மச்சான் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார்: “அப்ப மெக்கானிக்கா இருந்தான்ல, தனசேகர், அவன் ஏதோ ஆயில் வுடுவான். இன்னா ஆயில்னு கேட்டுப் பாரேன்.”

அனகாபுத்தூர்

தனசேகர் அண்ணன் அனகாபுத்தூரில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்து; மழை விட்டு மூன்று வாரம் ஆகியும் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்கோடு இருந்தது. பக்கத்து வீடுகளிலிருந்து தறிச் சத்தம். கடையில் பாதி டிவிகள் முதுகைத் திறந்துகொண்டு நின்றன.

யூசுப் பாயின் கொழுந்தியா என்று சொன்னதும் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “டிபன் கேரியர் பாப்பாவா நீ? இன்னாமா இவ்ளோ ஒசந்துட்ட!”

நான் பழைய கைப்பிடியை மேஜையில் வைத்து, வளையத்தைக் கழற்றிக் காட்டி, வரிசையாகக் கேட்டேன். கேள்விகளை எழுதி வைத்திருந்தேன். ஒன்று, என்ன எண்ணெய். இரண்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை. மூன்றாவதற்கு நான் போகவில்லை. அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“இத்த வெச்சிகினா அளவு எடுத்த?”

“ஆமாண்ணா.”

“இது எருமத் தோலுமா.”

எனக்குக் கேட்டது, ஆனால் புரியவில்லை. அவர் எழுந்து சந்தின் பக்கம் கையைக் காட்டினார். “தறில நாடா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓடும்ல? அத்த அடிச்சுத் தள்ற கட்டைக்கு வெப்பாங்க. பாடம் பண்ணாத தோலு. காஞ்சா கல்லாட்டம் ஆயிடும். ஒரிஜினல் வாஷரு ரெண்டாம் மாசமே புட்டுகிச்சு. ஸ்பேருக்கு எங்க போறது? பக்கத்துத் தறிக்காரு ஒரு துண்டு குட்த்தாரு. தண்ணில ஊறப் போட்டு, போல்ட்டு மேல சுத்திக் கட்டி, காயவுட்டு, அறுத்து, தேச்சு, தேங்கா எண்ணெ வுட்டேன். ஆறு வருசம் ஓடுச்சு.”

“தோல்னா…” என்றேன். “மழைக்கு ஊதுமா?”

“ஊதாதா பின்ன? மழைக்காலத்துல உன் வூட்டுக் கதவு ஊதல?”

திங்கள், புதன், சனி. என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் எட்டாவது வரியும் பிஸ்கட் டப்பாவும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

“இது ஒண்ணுதானே அண்ணா அப்படி? அந்தப் பக்கத்து கைப்பிடி ஒரிஜினல்தானே?”

“அதுவும் நாந்தான். ஒண்ணு தோலு, ஒண்ணு வேறன்னா ரெண்டு பேரு ஆடுறப்ப சண்ட வரும்ல.”

“அப்ப ஒரிஜினல் வளையம்?”

“குப்பைக்குப் போய் இருவது வருசம் ஆவுது.”

“எப்படி இருந்துச்சு? என்ன கலர்?”

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், ஸ்குரூடிரைவரால் காதோரம் சொறிந்துகொண்டார். “வெள்ளையா… இருந்த மாதிரி கீது. நீ கேக்கசொல்லதான் யோசிக்கிறேன். பாய்க்குப் போன் போடு, அவருக்குத் தெரியும்.”

போனில் ஒரு சண்டை

போனை ஸ்பீக்கரில் போட்டேன். போட்டிருக்கக் கூடாது.

“மச்சான், ஒரிஜினல் வாஷர் என்ன கலர்?”

“பழுப்பு. உன் கையில இருக்குதே.”

“இது தனசேகர் அண்ணன் செஞ்சதாம். தோலாம்.”

மச்சான் என்னை விட்டுவிட்டு நேரே அவரைக் கூப்பிட்டார்.

“டேய் தனசேகரு.”

“சொல்லு பாய்.”

“பாம்பேலேர்ந்து ஒரிஜினல் ஸ்பேர் வந்துச்சுன்னு சொன்னியேடா? பார்சல் பேப்பரெல்லாம் காட்டுன?”

“பார்சலு வேற எதுக்கோ வந்துச்சு பாய். நீ ஒரிஜினல் இல்லன்னா மாட்டவே வுடமாட்ட. மிசினு நின்னா கடை நிக்கும். உன் நல்லதுக்குத்தான்…”

“ஆறு வருஷம்! மழைன்னா டைட்டு, வெயில்னா லூஸு. பசங்க வந்து வந்து கேப்பானுங்க, பாய் இன்னா இன்னிக்கு ஸ்டிக் ஒரு மாதிரி கீதுன்னு. நான் கரெண்டு கம்மின்னு சொல்லிகினு இருந்தேன்டா!”

“கரெண்டா!” தனசேகர் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அதுக்கும் கரெண்டுக்கும் இன்னா பாய் சம்மந்தம்?”

“எனக்கென்ன தெரியும்? நீதானே மெக்கானிக்!”

ஒரிஜினல் கறுப்பு என்று மச்சான் சாதித்தார். வெள்ளை என்று இவர். இருவருக்கும் நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான், உலகத்தில் யாருக்குமே தெரியாத ஒரு பொருளின் நகலைச் செய்து, ‘அசலிலிருந்து’ என்று பித்தளையில் வெட்டி வைத்திருந்தேன்.

தோலில் ஒன்று

அன்றே தனசேகர் அண்ணன் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு துண்டுத் தோல் வாங்கி வந்தார். மறுவாரம் நான்கு வளையங்கள் காய்ந்து தயாராக இருந்தன. ஒவ்வொன்றையும் அளந்து, பக்கத்தில் அன்று மழையா வெயிலா என்றும் எழுதினேன். பொறியியலில் எனக்கு யாரும் அப்படி ஒரு கட்டம் போடக் கற்றுத்தரவில்லை.

தோல் வைத்த ஒரு ஜோடி மாதிரியை யென்ஸுக்கு அனுப்பினேன். தகடு வைக்கவில்லை, மாதிரிதானே. கூடவே ஒரு கடிதம். அதை நான்கு முறை எழுதினேன். முதல் மூன்றில் காரணம் சொல்லியிருந்தேன். நான்காவதில் நடந்ததை வரிசையாக எண் போட்டு எழுதினேன். நான் அளந்தது அசல் இல்லை. அது இங்கே ஒரு மெக்கானிக் செய்தது. அசலை நான் பார்த்ததில்லை. தகடுகளைத் திருத்திவிடுகிறேன். இதற்கு மேலும் வேண்டுமா என்று நீங்கள் சொல்லலாம்.

தாம்பரம் மார்க்கெட்டில் டாக்டர்களுக்குப் பெயர்ப்பலகை செய்யும் கடையில் புது வரியைக் கொடுத்தேன்: “அனகாபுத்தூரில் பழுதுபார்த்த கைப்பிடியிலிருந்து அளந்தது. அசல் பார்க்கப்படவில்லை.” ஆங்கிலத்தில்தான். கடைக்காரர் இரண்டு முறை படித்தார். “ஏம்மா, பார்க்கலைங்கறதை யாராவது காசு கொடுத்து வெட்டுவாங்களா?”

இன்னொரு தோல் வளையக் கைப்பிடியை மச்சானிடம் கொண்டுபோனேன். கால் அகட்டி, கண் மூடி, திருகினார்.

“இதுவும் இல்ல.”

“மச்சான், இது அதேதான். அதே ஆள், அதே தோல், அதே எண்ணெய்.”

“தெரியுதுமா. ஆனா இது இல்ல.” அவருக்கே சங்கடமாக இருந்தது. “நான் வேணும்னு சொல்லல.”

அவருடைய நிச்சயம்

யென்ஸிடமிருந்து பதினோரு நாள் பதிலில்லை. பன்னிரண்டாம் நாள் வந்த பதிலில் என் கடிதத்தைப் பற்றிக் கடைசியில்தான் இருந்தது.

தோல் ஜோடியை மாட்டினாராம். முதல் திருகலிலேயே தெரிந்துவிட்டதாம். இதேதான். கப்பலில் இருந்தது இதேதான். முப்பது விநாடி கையை எடுக்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். உங்கள் மெக்கானிக் தெரியாமலே அசலை மீண்டும் கண்டுபிடித்திருக்கிறார், ஆகவே தகட்டில் புது வரி தேவையே இல்லை. பழைய வரி பொருத்தமானது, அதுதான் உண்மையும்கூட. பழைய வரியோடு பன்னிரண்டையும் அனுப்புங்கள். புது வரியோடு வந்தால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள், தானும் கண்காட்சியில் வைக்க முடியாது.

நல்ல மனிதர். ஏமாற்றச் சொல்லவில்லை; நம்பித்தான் சொன்னார். அவர் தொட்டே இருக்க முடியாத ஒரு எருமைத்தோலை ‘இதுதான்’ என்கிறார். ஆறு வருடம் அதைத் தொட்ட மச்சான் ‘இது இல்லை’ என்கிறார். இருவருமே கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள்.

பூனாவிலிருந்து ஏற்கெனவே ஒருமுறை தேதி தள்ளிக் கொடுத்திருந்தார்கள். சேர இன்னும் பத்து நாள் இருந்தது. தோல் வளையம் வைத்த பன்னிரண்டும் அதற்குள் தயாராகிவிட்டன.

ஏகாம்பரம் அண்ணனைக் கேட்டேன். கடைந்துகொண்டே சொன்னார்: “ட்ராயிங்ல இன்னா இருக்குதோ அதான்மா ஒரிஜினல். நீ எழுதிட்ட, நான் கடஞ்சிட்டேன். அதுக்கு மேல ஏன் நோண்டற?”

தனசேகர் அண்ணன் இன்னும் தெளிவாக இருந்தார். “நான் போட்டதுதான் ஒரிஜினல்னு வெள்ளக்காரனே சொல்ட்டான். நீ இன்னா நடுவுல?”

மும்தாஜ் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். “நீ எழுதினப்ப பொய்னு தெரிஞ்சா எழுதின?”

“இல்ல.”

“அப்ப அது பொய் இல்ல. வெச்சுக்க.”

“இப்ப தெரியுமேக்கா.”

“ஆமா, இப்ப தெரியும்” என்றாள். வெங்காயத்தைக் கீழே வைத்தாள். “அப்ப பூனாதான். அங்க குளுருமாமே.”

அன்று மேஜையில் இரண்டு தகடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தெரிந்தவற்றைப் பட்டியல் போடலாம் என்று உட்கார்ந்தேன். அசல் வெள்ளையா கறுப்பா, தெரியாது. இறுக்கமா தளர்வா, தெரியாது. யென்ஸ் சரியா மச்சான் சரியா, தெரியாது. தோல் எப்படியோ அசலோடு ஒத்துப்போனதா, தெரியாது, ஒத்துப்போயிருக்கவும் கூடும். பக்கம் முழுக்கத் தெரியாது. தெரிந்ததாக ஒரே ஒரு வரி வந்தது: நான் அதைப் பார்க்கவில்லை.

அதைத்தான் யென்ஸுக்கு எழுதினேன். உங்கள் கை சரியாகவே இருக்கலாம். தகட்டில் இருப்பது என் கண்ணைப் பற்றிய வரி. அதை மாற்ற மாட்டேன்.

பதில் மரியாதையாக வந்தது, சுருக்கமாக. ஐந்து பேர் விலகிவிட்டார்கள், அவரையும் சேர்த்து. ஆறாவது ஆள், ஸ்காட்லாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர், புது வரியோடு இரண்டு வேண்டும் என்றார். காரணம் எதுவும் எழுதவில்லை.

அத்தாவிடம் சொன்னேன். பன்னிரண்டில் இரண்டு போகிறது என்று. “ரெண்டு ‘சேந்துச்சு’ல வராதாமா?” என்று கேட்டார். பேச்சை முதலில் வைத்தவர் அவர்தான். அவருக்கே அதை விட மனம் வந்துவிட்டது.

“வராதுத்தா” என்றேன்.

நிலவரம்

இரண்டு கைப்பிடிகள் ஸ்காட்லாந்தில் இருக்கின்றன. அந்த ஆசிரியரிடமிருந்து ஒரே ஒரு மின்னஞ்சல் வந்தது: ஈர நாட்களில் இறுகுகிறது, அங்கே எல்லா நாளும் ஈரம்தான்.

யென்ஸ் அந்தத் தோல் ஜோடியைத் திருப்பி அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. கண்காட்சிப் படம் இணையக் குழுவில் வந்தது. எந்திரத்தின் பக்கத்து அட்டையில், கைப்பிடிகள் ‘அசல்’ என்று எழுதியிருந்தது. தனசேகர் அண்ணன் அந்தப் படத்தை அச்செடுத்துக் கடையில் ஒட்டியிருக்கிறார். கீழே பலர் எழுதியிருந்தார்கள், சிறுவயதில் தொட்டது அப்படியே இதேதான் என்று. எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. என்ன நினைப்பது என்றும் தெரியவில்லை.

மீதிப் பத்துக் கைப்பிடிகள் மும்தாஜ் அக்கா வீட்டுப் பரணில் இருக்கின்றன. பத்திலும் புதுத் தகடு பொருத்தியிருக்கிறது. பழைய தகடுகள் பன்னிரண்டையும் ஏகாம்பரம் அண்ணன் உருக்கக் கொடுத்துவிட்டார்.

மச்சானும் தனசேகர் அண்ணனும் பேசிக்கொள்கிறார்கள். நிறம் பற்றி மட்டும் பேசுவதில்லை.

நான் பூனாவில் இருக்கிறேன். கார் கதவுகளின் ரப்பர் விளிம்பை அளக்கும் வேலை. அளவு எடுக்கும் தாளில் தேதிக்குப் பக்கத்தில் அன்றைய வானிலையையும் எழுதுகிறேன். அதற்கென்று அந்தத் தாளில் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.